மிமிர் கொஞ்சம் வாயை மூடட்டும்: சான்டா மோனிகா ஸ்டுடியோவுக்கு ஒரு திறந்த மடல்

'காட் ஆஃப் வார் ரக்னராக்' என்ற வீடியோ ஆட்டத்தைச் செய்த சான்டா மோனிகா ஸ்டுடியோக்காரர்கள் எல்லோருக்கும், பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம்.

நான் பிஎஸ் கடை, அதாவது ப்ளேஸ்டேஷன் ஆட்டக் கடை வைத்திருப்பவன். முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நாலு டிவி, மூன்று பிஎஸ்4, ஒரு பிஎஸ்5. மணிக்கணக்கில் வாடகை. பள்ளிக்கூடமும் கல்லூரியும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர் என்பதால், சாயங்காலம் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிற பையன்களுக்குக் குறைவில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஃபுட்பால் ஆட வருகிறவர்கள். கடை வாடகையும் கரண்டு பில்லும் அவர்கள் புண்ணியத்தில்தான் நடக்கிறது. மிச்சமிருக்கிற சின்னக் கூட்டம் கதை ஆட்டம் ஆட வருவது. அவர்களால் எனக்குப் பெரிய லாபம் கிடையாது. ஆனால் யார் வந்தால் சந்தோஷம் என்று கேட்டால் அவர்களைத்தான் கை காட்டுவேன். இந்த மடலும் அவர்கள் சார்பில் எழுதுவதுதான்: ஆட்டத்தின் நாயகன் க்ரேடோஸின் இடுப்பில் தொங்குகிற பேசும் தலையான மிமிரும் கூட வருகிறவர்களும் புதிருக்கு விடையை முந்திச் சொல்லிவிடுவதைப் பற்றி.

எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கதையின் முடிவு வரைக்கும் பேசப் போகிறேன். இன்னும் ஆடி முடிக்காதவர்கள் யாராவது இதைப் படித்தால் இத்தோடு நிறுத்திக்கொண்டு போய் ஆடிவிட்டு வாருங்கள்.

உங்கள் ஊரில் இந்த ஆட்டத்தை எப்படி ஆடுவார்கள் என்று ஊகிக்க முடிகிறது. ஒரு வீடு, ஒரு சோஃபா, ஒரு ஆள். இங்கே நாலு பேர் காசு சேர்த்து ஒரு மணி நேரம் எடுப்பார்கள். ஜாய்ஸ்டிக் ஒருவன் கையில், மற்ற மூன்று பேர் அவன் முதுகுக்குப் பின்னால். 'செத்தா மாத்தணும்' என்பது சட்டம். க்ரேடோஸ் விழுந்தால் ஜாய்ஸ்டிக் அடுத்தவனுக்குப் போய்விடும். அதனால் ஆடுகிறவனைவிடப் பார்க்கிறவனுக்குத்தான் கவனம் அதிகம். "பின்னால வாராம் பாருலே", "செவப்பு வளையம் வந்தா தடுக்காதலே, உருளு" என்று நாலு வாயும் சேர்ந்து ஒரு க்ரேடோஸை ஓட்டும். ஒருத்தருக்காக நீங்கள் செய்த ஆட்டம் இங்கே வந்து ஊர்ச் சொத்தாகிவிட்டது.

2022 நவம்பர் 9 அன்று ஆட்டம் வெளியானபோது பிஎஸ்5 டிஸ்க்கின் விலை 4,999 ரூபாய். ஃபுட்பாலை நம்பிப் பிழைக்கிற கடைக்காரன் ஒரு கதை ஆட்டத்துக்கு இவ்வளவு போட ரொம்ப யோசிப்பான். முதல் வாரத்தில் மட்டும் உலகம் முழுக்க 51 லட்சம் பிரதிகள் விற்றதாகக் கணக்குச் சொன்னீர்கள். அதில் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது, போட்ட காசும் எப்போதோ வந்துவிட்டது. ஆகவே இது காசு போன வயிற்றெரிச்சல் இல்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே இடித் தெய்வமான தோர், க்ரேடோஸின் வீடு தேடி வருகிறார். மகன்கள் இரண்டு பேரையும் முந்தைய ஆட்டத்தில் பறிகொடுத்த அப்பன். வாசலில் நின்று கத்தவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து குடிக்க ஊற்றுகிறார். பையன்களுக்குப் பேச்சு முழுசாகப் புரியவில்லை, ஆனால் அந்த உட்காரல் புரிந்துவிட்டது. "இவன் சாதாரண ஆளு இல்ல அண்ணாச்சி" என்றான் ஒருவன். பிறகு வெளியே பனியில் சண்டை. ஒரு கட்டத்தில் சுத்தியல் அடி வாங்கிக் க்ரேடோஸ் சாய்கிறார், செத்ததற்கான திரை வருகிறது. ஆடிக்கொண்டிருந்தவன் சட்டப்படி ஜாய்ஸ்டிக்கை நீட்ட, அடுத்தவன் வாங்கிவிட்டான். அப்போது பார்த்துத் தோர் மின்னலைப் பாய்ச்சிக் க்ரேடோஸை எழுப்பி, சண்டை எப்போது முடியும் என்பதை நான்தான் சொல்வேன் என்கிறார்.

"லேய், நான் சாவலைலே, கொடுலே!"

"கை மாறிட்டுல்லா, இனி எனக்குத்தான்!"

வழக்கு என்னிடம் வந்தது. தோரே எழுப்பிவிட்ட பிறகு அந்தச் சாவு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னேன். தோற்றவன் அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். சாவு என்பது ஆட்டத்தின் விதி, அதைக் கதைக்குள் இழுத்து ஒரு வில்லனின் திமிராக மாற்றினீர்களே, அதை யோசித்தவர் யாரோ, அவருக்கு இங்கிருந்து ஒரு அரைக்கிலோ அல்வா கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் அந்த ஈட்டி. பழைய நார்ஸ் கதைகளில், அதாவது வட ஐரோப்பியப் புராணங்களில், த்ரௌப்னிர் என்பது தெய்வங்களின் தலைவனும் தோரின் அப்பாவுமான ஓடினின் மோதிரம். ஒன்பது இரவுக்கு ஒருமுறை அதிலிருந்து அதே எடையில் எட்டு மோதிரங்கள் சொட்டும் என்பார்கள். எடுக்க எடுக்க ஈட்டி வந்துகொண்டே இருக்கிற ஆயுதமாக அதை மாற்றினீர்கள். வரிசையாக நாலைந்து குத்தி வைத்துவிட்டு முக்கோணப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் ஒன்றாக வெடிக்கிறதே, அந்தச் சத்தத்துக்காகவே பையன்கள் எதிரியைக் கொல்லாமல் நிறுத்தி வைத்திருந்து குத்துவார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது ஈட்டி செய்து முடித்ததும் வருகிற இடம். சற்று முன்புதான் ஆயுதம் செய்கிற குள்ளன் ப்ரோக்குக்குத் தன்னைப் பற்றிய ஒரு உண்மை தெரிந்திருக்கிறது. தான் ஏற்கெனவே ஒருமுறை செத்தவன், சகோதரன் சிந்த்ரி மீட்டுக்கொண்டு வந்ததில் ஆன்மாவின் ஒரு பங்கு விட்டுப்போய்விட்டது. அந்த நிலையில் இருக்கிறவனிடம் போய், இந்த ஆயுதத்தை ஆசீர்வதித்துக் கொடு என்று கேட்கிறார் க்ரேடோஸ். யாருக்கும் தலை வணங்காத ஆள் அவர். எடுத்த எடுப்பில் சண்டையை ஓட்டிப் பார்க்கிற எங்கள் பையன்கள் அந்த இடத்தில் அவசரப்படுத்தவில்லை.

க்ரேடோஸின் உடம்பு ஏன் வெளுத்திருக்கிறது என்று புதிதாக வருகிறவன் கேட்பான். அவர் கையாலேயே செத்த மனைவி, மகளின் சாம்பல் அது, போகாமல் ஒட்டிக்கொண்டது என்று பழைய ஆள் சொல்வான். அவ்வளவுதான், மறு கேள்வி வராது. சுடுகாட்டுச் சாம்பலோடு நிற்கிற சாமியைக் கும்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

2022 டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் மேடையில் ஆறு விருது வாங்கினீர்கள். நடிப்புக்கான விருதை வாங்க வந்த, க்ரேடோஸாக நடித்த கிறிஸ்டோஃபர் ஜட்ஜ் கிட்டத்தட்ட எட்டு நிமிடம் பேசினார். ஆட்டம் முழுக்க 'ம்ம்' என்று உறுமியே காலத்தை ஓட்டுகிறவர் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அங்கே கொட்டிவிட்டார் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். அவர் பேசியதில் எங்களுக்குக் குறை இல்லை. குறையெல்லாம் க்ரேடோஸ் இடுப்பில் தொங்குகிற தலையைப் பற்றியும், பக்கத்தில் நடந்து வருகிறவர்களைப் பற்றியும்தான்.

புதிர் வருகிற இடங்களில் அவர்கள் எங்களை யோசிக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். குள்ளர்களின் நாடான ஸ்வார்டால்ஃப்ஹைமுக்குப் போன புதிது. மரச்சக்கரம் ஒன்று சுற்றாமல் நிற்கிறது. அதற்கு வரவேண்டிய தண்ணீர் வேறு பக்கம் பீறிட்டு வீணாகிறது. கோடரியை எறிந்து பீறிடுகிற இடத்தை உறைய வைத்துவிட்டால் தண்ணீர் திரும்பிச் சக்கரத்துக்குப் போகும். ஜாய்ஸ்டிக் வைத்திருந்தவன் சக்கரத்தையே வெட்டிக்கொண்டிருந்தான். நாலு பேரில் ஒருவன் சீவலப்பேரிப் பக்கத்துப் பையன். அதிகம் பேச மாட்டான். சண்டையில் அவன் முறை வந்தால் சீக்கிரம் செத்துவிடுவான் என்பதால் மற்றவர்களுக்கு அவன் மேல் இளப்பம் வேறு. அவன் அப்பா வயலுக்கு மடை திறந்து விடுகிறவர். எந்தக் கண்ணை அடைத்தால் எந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறும் என்பது அவனுக்கு நடக்கப் பழகும்போதே தெரிந்த விஷயம். சக்கரத்தைப் பார்த்தான், பீறிடுகிற தண்ணீரைப் பார்த்தான், ஒரு அடி முன்னால் வந்தான். திரையை நோக்கிக் கை மேலே எழுந்தது. வாயைத் திறப்பதற்குள் க்ரேடோஸின் மகன் ஆட்ரேயஸ் முந்திக்கொண்டான், கோடரியால் அந்தத் தண்ணீரை உறைய வைத்துப் பார்க்கலாமே என்று.

"அதான் நானும் நெனச்சேன்" என்றான் பையன்.

யாரும் நம்பவில்லை.

இதை நீங்கள் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். அவனுக்கு அன்றைக்கு அந்த நாலு பேருக்கு நடுவில் கிடைத்திருக்க வேண்டிய மரியாதையை உங்கள் ஆட்டம் பிடுங்கிக்கொண்டது. அதுவும், புதிருக்கு முன்னால் போய் நின்று மூச்சு வாங்குவதற்குள். ஆட்ரேயஸ் இல்லாத இடத்தில் கூட வருகிற பெண் தெய்வம் ஃப்ரேயா சொல்கிறாள், ஃப்ரேயா சும்மா இருந்தால் மிமிர் சொல்கிறார். யார் கூட வந்தாலும் விடை கூடவே வந்துவிடுகிறது.

பேச்சே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. படகில் போகும்போது மிமிர் சொல்கிற கதைகளுக்காகவே படகைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறவர்கள் என் கடையில் உண்டு. கரை வந்து கதை பாதியில் நின்றால், மறுபடி படகில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாரே, அந்தப் பக்குவத்தை வேறு ஆட்டத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைப்பார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கிற புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்வார். குடம், உடுக்கை, தாளம் என்று மற்றவர்கள் சுற்றிலும் இருப்பார்கள். பின்பாட்டுக்காரர் சரியான இடத்தில் 'ஆமா' போடுவார், கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார். எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற கிழவிகளுக்குக் கதை மனப்பாடம். கைலாசத்தில் விளக்குச் சுடரில் பிறந்தது, சுடுகாட்டில் பிணம் தின்றது, பூலோகத்துக்கு அனுப்பப்பட்டது, எல்லாமே தெரியும். பின்பாட்டுக்காரருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒருநாளும் புலவரை முந்திக்கொண்டு அடுத்து வருவதைச் சொல்லிவிட மாட்டார். சொன்னால் வீசுகோல் வில்லில் விழாது, அவர் மண்டையில்தான் விழும். உங்கள் மிமிர் படகில் இருக்கும்வரை தங்கமான பின்பாட்டுக்காரர். தரையில் இறங்கி ஒரு பூட்டிய கதவைப் பார்த்துவிட்டால் போதும், புலவரின் வேலையைப் பிடுங்க ஆரம்பித்துவிடுகிறார்.

மணிக்கு வாடகை கட்டுகிறவனுக்குச் சிக்கி நிற்பது நஷ்டம்தானே, சீக்கிரம் விடை சொன்னால் அவனுக்கு நல்லதுதானே என்று உங்களில் யாராவது கேட்கலாம். கடை நடத்துகிறவன் சொல்கிறேன், கிடையாது. 2018இல் வந்த முந்தைய ஆட்டத்தில் விதித் தேவதைகளான நார்ன்களின் பெட்டி ஒன்றைத் திறக்க மூன்று எழுத்து முத்திரைகளைத் தேடி உடைக்க வேண்டும். இரண்டு கிடைத்துவிடும், மூன்றாவது கண்ணில் படாது. ஒரு மணி நேரம் தீர்ந்து, காசு தீர்ந்து, படியிறங்கிப் போகும்போதும் அதே பேச்சுத்தான். கீழே டீக்கடையில் பேசுவார்கள். மேலப்பாளையம் பஸ்ஸில் ஏறிய பிறகும் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டு போவார்கள். மறுநாள் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்து, "அண்ணாச்சி, பாலத்துக்கு அடியில பாக்கவே இல்ல நாம" என்பான். அவன் ராத்திரி படுத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்துக்கு நான் வாடகை வாங்கவில்லை. ஆனால் அதற்காகத்தான் அவன் மறுநாள் வந்தான். ரக்னராக்கில் வீட்டுக்குக் கொண்டுபோக எதுவும் மிஞ்சுவதில்லை. எல்லாவற்றையும் அங்கேயே சொல்லி முடித்து அனுப்பிவிடுகிறீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆட்டத்தை வெளியிடுவதற்கு முன் ஆட்களை உட்கார வைத்து ஆடவிட்டுப் பார்ப்பீர்கள். அவர்களில் யாராவது ஒரு கதவு முன்னால் நின்று திணறினால், அங்கே ஒரு வசனத்தைப் போடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். துப்பு தேவைப்படுகிறவர்களும் உண்டு, அவர்களைப் பழிக்கவில்லை. என் கடைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பாமார் சிலர் ஆசைக்கு ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுப்பார்கள், அவர்களுக்கெல்லாம் ஆட்ரேயஸ் தெய்வம். ஆனால் தேவைப்படாதவனுக்கு ஏன்? அந்த ஆறு விருதில் ஒன்று, எல்லா வகை ஆட்களும் ஆடும்படி ஆட்டத்தைத் திறந்து வைத்ததற்காகக் கொடுத்தது. தகுதியான விருது. எழுத்தைப் பெரிதாக்கலாம், எதிரியின் நிறத்தைப் பளிச்சென்று மாற்றலாம், அழுத்திப் பிடிக்க வேண்டியதை ஒரே தட்டில் முடிக்கலாம். அறுபதுக்கு மேல் இப்படி வசதிகள். இத்தனை யோசித்தவர்கள், 2022இல் டிஸ்க் வந்தபோது, கூட வருகிறவர்களின் துப்பை நிறுத்த ஒரு சுவிட்ச் வைக்கவில்லை.

சுவிட்ச்கூட வேண்டாம், வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. சதுரப் பொத்தானை அழுத்தினால் கூட இருப்பவர் அம்பு விடுகிறார் அல்லவா? கேட்டால்தான் விடுகிறார். அம்புக்கு அனுமதி கேட்கிற நீங்கள் விடைக்கும் கேளுங்கள். புதிர் முன்னால் நின்று பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் மிமிர் வாயைத் திறக்கட்டும். அதுவரைக்கும் அவர் படகுக் கதையை அசைபோட்டுக்கொண்டு இருக்கட்டும்.

எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. இதே ஆட்டத்துக்குள் நீங்களே ஒரு விடுகதை வைத்திருக்கிறீர்கள். ப்ரோக் மிமிரிடம் கேட்கிறான்: எடுக்க எடுக்கப் பெருசாகும், அது என்ன? உலகத்திலேயே புத்திசாலி என்று பெயரெடுத்த மிமிருக்கு விடை தெரியவில்லை. விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார், மறுபடி யோசிக்கிறார், எரிச்சல்படுகிறார். ப்ரோக் சொல்லவே மாட்டேன் என்கிறான். விடுகதையைப் பையன்களுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். "கெணறு வெட்டுறதுலே" என்றான் ஒருவன், மற்றவர்கள் அவனைக் கோட்டிக்காரப் பய என்று சிரித்தார்கள். அப்புறம் மறந்தும் போனார்கள். கதை ஓடுகிறது. போர்த் தெய்வம் டீர் என்று கூடவே இருந்தவன் டீர் இல்லை, வேடம் போட்ட ஓடின் என்று ப்ரோக் கண்டுபிடிக்கிறான், அதற்காகவே கொல்லப்படுகிறான். போரெல்லாம் முடிந்து, ப்ரோக்கைப் படகில் வைத்து அனுப்புகிற இடத்தில்தான் மிமிர் விடையைச் சொல்கிறார். குழி. சிந்த்ரி ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறான்.

முதலில் சொன்ன பயலுக்கு அன்றைக்கு ஜெயித்த சந்தோஷம் இல்லை. "சரியாத்தாம்லே சொல்லிருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னான், அவ்வளவுதான்.

அந்த விடுகதையை எழுதியவர் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார். விடையை ஒரு ஆள் சாகும்வரை பிடித்து வைத்திருக்கத் தெரிந்தவர். காத்திருந்ததால்தான் அந்த ஒற்றைச் சொல் அப்படி விழுந்தது என்று அவருக்குத் தெரியும். அதே கூரைக்குக் கீழே இன்னொருவர், ஒரு தண்ணீர்ச் சக்கரத்தின் முன்னால் நிற்கிற பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பத்து விநாடி அதிகம் என்று முடிவு பண்ணியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள்தானே, ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் நன்றாக இருக்கும்.

இன்னும் சில இருக்கின்றன. அயர்ன்வுட் காட்டில் ஆட்ரேயஸும் ராட்சத இனத்துப் பெண் ஆங்க்ர்போடாவும் சந்திக்கிற பகுதி. தன் வயதில், தன் இனத்தில் இன்னொரு ஆளைப் பார்த்தறியாத இரண்டு பிள்ளைகள் பேசத் தெரியாமல் பேசிக்கொள்வது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் யாக் மாட்டின் மேல் ஏறிப் பழம் பறித்து, இறங்கி, மறுபடி ஏறி என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறு கையால் முறுக்குத் தின்ற பையனைப் பார்த்திருக்கிறேன். சண்டை என்று பேருக்கு இருப்பதில் யாரும் விழுகிற மாதிரித் தெரியவில்லை. பின்னால் காத்திருந்தவன் பொறுக்க முடியாமல் என்னிடம் வந்தான்: "சாகவும் மாட்டேங்கான் அண்ணாச்சி, எப்பதான் மாத்துறது?" எங்கள் சட்டத்தில் அதற்கு இடமில்லை. பாதியாக வெட்டியிருந்தால் இரண்டு பிள்ளைகளும் இன்னும் நன்றாக மனதில் நின்றிருப்பார்கள்.

கவசம், கைப்பிடி, தாயத்து, அதில் பதிக்கிற கல் என்று நீள்கிற பட்டியல்களைப் பற்றி என்ன சொல்ல. எந்த எண் கூடினால் என்ன நடக்கும் என்று ஆடுகிறவர்கள் பார்ப்பதில்லை. எது பளபளப்பாக இருக்கிறதோ அதை மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

பாறை இடுக்கில் உடம்பை நுழைத்து நுழைத்துப் போகிற இடங்களைப் பலர் திட்டுகிறார்கள். அடுத்த இடம் ஏறுவதற்கான நேரம் அது என்று தெரியும். பிஎஸ்4க்கும் சேர்த்து ஆட்டத்தை வெளியிட்டதால் வந்த வினை. என் கடையில் நாலில் மூன்று பிஎஸ்4. அதனால் அந்த இடுக்குகளைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன், நன்றிதான் சொல்வேன்.

ரக்னராக் என்று பெயரிலேயே இருக்கிற கடைசிப் போரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மூன்று வருடப் பனிக்காலம், முன்கூட்டிச் சொன்ன அழிவு, ஒன்பது உலகமும் திரள்கிற சண்டை என்று ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்துவிட்டு, ஓடினின் ஊரான ஆஸ்கார்டின் மதிலைத் தாண்டியதும் மளமளவென்று முடித்துவிட்டீர்கள். தீ ராட்சதன் சுர்த்தர் வருகிறார், எரிக்கிறார், அவ்வளவுதான். யாக் சவாரிக்குக் கொடுத்த நேரத்தில் கொஞ்சத்தை இங்கே திருப்பியிருக்கலாம். ஆனால் அதற்குள்ளும், பிள்ளைகளுக்காக நாம் மாற வேண்டும் என்று க்ரேடோஸ் சொன்னதைக் கேட்டுத் தோர் சுத்தியலைத் தாழ்த்துவதும், அதற்காக ஓடின் பெற்ற மகனையே குத்துவதும், எங்கள் பையன்கள் ஓடினை அதன்பிறகு வைத வசவும் உங்கள் எழுத்தாளர்களுக்குக் கிடைத்த வெற்றி. வசவை இங்கே எழுத முடியாது.

எல்லாரும் போரைப் பற்றியே பேசுகிறார்கள். கடையில் அதிகம் பேசப்பட்டது ஸ்வார்டால்ஃப்ஹைமின் விரிகுடாவில் கிடக்கிற லிங்பாக்கர். தீவு என்று நினைத்தால் அது ஒரு உயிர். அதன் எண்ணெய்க்காக அதைக் கட்டிப்போட யோசனை சொன்னது பழைய மிமிர்தான். குற்ற உணர்ச்சி தாங்காமல் விடுவிக்கக் கேட்கிறார். ஒவ்வொரு சங்கிலியாகத் தேடிப் போய் அறுக்கிறோம். கடைசிச் சங்கிலி அறுந்த பிறகும் அது நீந்திப் போகவில்லை. "இன்னும் எங்கயோ ஒரு சங்கிலி இருக்கு, நல்லாப் பாருலே" என்று பையன்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் படகு ஓட்டினார்கள். இல்லை. இதற்கு என்ன செய்தால் சரியாகும் என்று எந்தத் துப்பும் வராது, ஏனென்றால் சரியாவதற்கு வழி இல்லை. இப்படி ஒன்றைச் செய்யத் தெரிந்தவர்களிடம்தான் நான் மற்றதற்குச் சண்டை போட முடியும்.

2023 டிசம்பர் 12 அன்று இதே ஆட்டத்துக்கு வல்ஹல்லா என்ற கூடுதல் பகுதியைக் காசில்லாமல் கொடுத்தீர்கள். விழுந்தால் திரும்ப முதலிலிருந்து. அதனால் சட்டத்துக்கு வேலை வந்தது, ஜாய்ஸ்டிக் கை மாறிக்கொண்டே இருந்தது. கிரேக்க நாட்டில் செய்த பாவங்களைக் க்ரேடோஸ் எதிரே நின்று பார்க்கிற கதையும் அதற்குள் இருந்தது. ஒரு மணி நேரக் கடைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டத்தை யாரும் செய்ததில்லை. அயர்ன்வுட்டை அன்றைக்கு மன்னித்துவிட்டோம்.

போகிற போக்கில் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆட்டத்தில் தமிழ் வசனவரிகள் கொடுங்கள். டொரான்டோவில் ஒரு சின்னக் குழு 2023இல் 'வெண்பா' என்று ஒரு சமையல் ஆட்டம் செய்து, தமிழ்க் குடும்பத்தையே அதற்குள் உட்கார வைத்துவிட்டது. உங்களிடம் இல்லாத வசதியா? இப்போதைக்கு ஓடின் பேசுவதை நான்தான் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓடின் பேசுகிற வேகத்துக்கு என் தொண்டை தாங்கவில்லை.

புதிர் விஷயத்தில் சதுரப் பொத்தானை மறந்துவிடாதீர்கள். உங்கள் எழுத்தாளர்கள் பழகிக்கொள்ள எங்கள் ஊர் விடுகதை ஒன்றையும் இத்துடன் அனுப்புகிறேன்: அம்மா படுத்தே கிடப்பாள், மகள் ஓடியாடித் திரிவாள், அது என்ன? விடையை எழுதப் போவதில்லை. மிமிரிடம் கேட்டுப் பாருங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை பிஎஸ் கடைக்காரன்